ஒப்பராவும் எமது நாட்டுக்கூத்தும்

ஜேர்மன் பாடசாலைகளில் இசைப்பாடம் பயிலும் எமது மாணவர்கள் மொசார்ட், வாக்னர் ஆகியோரின் பெயர்களை நன்கறிவர். வகுப்போடு ஒப்பரா அரங்கிற்குச் சென்று வந்தோரும் உளர். "தமிழில் இப்படி ஒன்று இல்லையா, சேர்?" என அவர்கள் வினவும்போது, இல்லையென்று விடையிறுப்பது பிழை. "எங்கள் கூத்துத்தான் ஒப்பரா" எனப் பெருமிதத்தோடு சொல்லிவிடுவதும் முற்றாகச் சரியன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே முறை.

ஒப்பரா என்பது இத்தாலியச் சொல். ஆக்கம், வேலை என்பதே அதன் பொருள். 1600ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் புளோரன்ஸ் நகரத்து அறிஞரும் இசைவாணரும், பண்டைய கிரேக்க நாடகங்கள் பாடியே நடிக்கப்பட்டன என எண்ணி, அம்மரபை மீட்க முயன்றனர். பழமையைத் தேடிப் புறப்பட்டவர்கள் புதிய கலையொன்றைப் படைத்துவிட்டனர். முதலில் அரசவைக்கே உரியதாயிருந்த அக்கலைக்கு 1637இல் வெனிஸ் நகரிலே, பணங்கொடுத்து எவரும் நுழையக்கூடிய அரங்கு அமைந்தது. ஜேர்மனியில் அத்தகைய அரங்கு 1678இல் ஹம்பேர்க்கில் திறக்கப்பட்டது.

ஒப்பராவில் இருவகைப் பாட்டு உண்டு. கதையை நகர்த்துவதற்குப் பேச்சுப்போலப் பாடுவது ரெசித்தாத்தீவ். கதை நின்று உள்ளம் பேசும்போது பாடுவது ஆரியா. கூத்துப் பார்த்த பெற்றோருக்கு இது புதுமையன்று. தாளக்கட்டின்றி நீட்டிப் பாடும் விருத்தமும், மத்தளத்திற்கு ஏற்ப ஆடிப்பாடும் தருவும், இடையில் வசனமும் கொண்டதே எமது கூத்து. மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' 1791இல் வியன்னாவின் புறநகர் அரங்கொன்றிலே, பொதுமக்களுக்கு விளங்கும் ஜேர்மன் மொழியில், பாட்டும் வசனமும் கலந்தே அரங்கேறியது. நடிகமணி வைரமுத்துவின் 'மயான காண்டம்' பார்த்தவர்கள் அம்மாதிரி ஆக்கத்தை அந்நியமாக நினைக்கமாட்டார்கள்.

வேற்றுமைகளும் பெரியன. வாக்னர் தமக்கெனப் பைரொயித் நகரிற் கட்டுவித்து 1876இல் திறந்த அரங்கிலே, வாத்தியக்காரர் மேடைக்குக் கீழே பார்வையாளருக்குத் தெரியாது அமர்ந்திருப்பர். மட்டக்களப்பின் வட்டக்களரியிலோ அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவே நிற்க, கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். ஊரார் நாற்புறமும் இருந்து பார்ப்பர். ஒப்பராவிற் பாடுபவர் பெரும்பாலும் நின்று பாடுவார். வடமோடிக் கூத்தரோ கனத்த முடியும் கரப்புடுப்பும் அணிந்து, ஆடிக்கொண்டே பாடவேண்டும். (வாக்னரின் 'மோதிரம்' நான்கு மாலைகளிற் பங்கிட்டு நடிக்கப்படுவது. நம்மவர் ஒரே இரவில் விடியவிடிய ஆடி முடிப்பர்!)

எல்லாவற்றிலும் முக்கியமான வேற்றுமை வேறொன்று. ஒப்பராவின் ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்படுகிறது. மொன்ரவேர்தி 1607இல் ஆக்கிய 'ஓர்பெயோ'வை இன்றும் எழுதியபடி பாடுகிறார்கள். கூத்தின் மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. சொற்கள் மாத்திரமே ஏட்டில் இருக்கும்.

இதன் விளைவை ஜேர்மனியின் சொந்த வரலாறே காட்டுகின்றது. முதலாவது ஜேர்மன் ஒப்பரா எனப் பொதுவாகச் சொல்லப்படும் 'டாப்னே', ஹைன்றிச் சூட்ஸ் இசையமைத்து, 1627இல் தோர்காவ் நகரில் சக்சனி இளவரசியின் திருமணத்தின்போது நிகழ்த்தப்பட்டது. அதன் பாடல் வரிகள் இன்றும் உள்ளன. இசை தொலைந்துவிட்டது. எத்துணை பெரிய இசைப்புலவர்களைக் கொண்ட நாடாயினும் அதனை மீட்க வழியில்லை. அச்சில் வந்த எமது கூத்து நூல்களுக்கும் இந்நிலை வரலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த ஆபத்தை உணர்ந்து உழைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். மன்னார், மட்டக்களப்புப் பகுதிகளின் கூத்துகளை அச்சேற்றினார். அவற்றுள் 'என்றீக்கு எம்பரதோர்' என்னும் கத்தோலிக்க நாடகமும் ஒன்று. 'எம்பரதோர்' என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்; ஐரோப்பியக் கதை கூத்துமெட்டில் எமது கரையேறியமைக்கு அப்பெயரே சான்று. அச்சேற்றியதோடு அவர் அமையவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மாணவருக்கு வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு ஆட்டமும் பாட்டும் பழக்குவித்து, இரவு முழுவதும் ஆடுவதைச் சில மணிநேரத்திற்குச் சுருக்கி, 1962இல் 'கர்ணன் போர்' நாடகத்தை மேடையேற்றினார். பின்னர் வந்த 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பிற்காலத்தில் தாமே பேராசிரியராகி, மட்டக்களப்பு மாணவரைக் கொண்டு அதனை மீளவும் மேடையேற்றினார். சுருக்கியது தகுமா எனக் குறைகூறியோரும் உண்டு. சுருக்கியிராவிடின் அத்தலைமுறை மாணவர் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது எமது கருத்து. சிங்கள நாடகத்திலும் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' மூலம் இத்தகைய வழியையே திறந்தார். அவர் எடுத்தாண்ட நாடகம் என்னும் பழைய சிங்கள வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது.

இந்நாட்டில் எண்பதுக்கு மேற்பட்ட ஒப்பரா அரங்குகள் மாநிலங்களினதும் நகரசபைகளினதும் பணத்தில் இயங்குகின்றன. கூத்துக்கு அத்தகைய புரவலர் இல்லை. ஆயினும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் வட்டுக்கோட்டையிலும் கூத்தாடியவர்கள், ஆடாவிடினும் கேட்டுப் பாடமாக்கியவர்கள், இங்கே எமது குடும்பங்களிலேயே இருக்கின்றார்கள். மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் அப்பப்பா, அம்மம்மா, பெரியப்பா ஆகியோரிடம் வரவுத்தரு ஒன்றைப் பாடச்சொல்லிக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்யுங்கள். எந்த ஊர்க் கூத்து, எந்தப் பாத்திரத்தின் வரவு, எந்த அண்ணாவியாரிடம் பழகியது என்பவற்றை அவர்கள் வாயாலேயே பதிவின் தொடக்கத்திற் சொல்லச் செய்யுங்கள். மெட்டு மறந்துபோன இடத்தில் வெறுமனே தாளம் தட்டினாலும் அதனையும் விடாது பதியுங்கள்.