மேடைக்கு அப்பால் ஒரு தொழில்: இசைக்குழு நிர்வாகம்

எண்பது, தொண்ணூறு கலைஞர்கள் அமர்ந்து வாசிக்கும் சிம்பொனி இசைக்குழுவானாலும், பத்துப் பதினைந்து பேர் கொண்ட திருவிழா மெல்லிசைக் குழுவானாலும், அது குறித்த நேரத்தில் குறித்த மேடையில் ஒலிக்க வேண்டுமெனில், மேடையேறாத ஒருவர் பல வாரங்களுக்கு முன்பே உழைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். கலைஞர்களை ஒப்பந்தம் செய்வது, ஒத்திகைகளுக்கு நேரம் வகுப்பது, பணம் திரட்டுவது, உரிமங்கள் பெறுவது, கருவிகளைப் பழுதின்றிக் கொண்டுசேர்ப்பது ஆகிய அனைத்தும் அடங்கிய இப்பணியே இசைக்குழு நிர்வாகம் எனப்படுகிறது. அமெரிக்காவில் இசைக்குழுக்களுக்கென 1942ஆம் ஆண்டிலேயே ஒரு கூட்டமைப்பு தோன்றி, நிர்வாகிகளுக்குப் பயிற்சியும் அளித்துவரும் அளவுக்கு இது தனித் தொழிலாக வேரூன்றிவிட்டது. தமிழ்நாட்டிலோ இப்பணி பல தலைமுறைகளாக நடந்துவந்தும், அதற்குரிய பெயரும் மதிப்பும் இன்னும் கிடைக்கவில்லை.

இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றியபோது, தமிழர்கள் இசையமைப்பாளரைக் கொண்டாடியது முற்றிலும் தகும். அத்தகைய அரங்கேற்றம் எதற்கும் பின்னால் எவ்வளவு நிர்வாக உழைப்பு தேவைப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கருவிகளுக்குமான சுரக்குறிப்புகளையும் ஒருசேரக் கொண்ட முழு ஏடு, குழுவை வழிநடத்தும் நடத்துநரின் முன் இருக்கும். கலைஞர்களிடமோ அவரவர் கருவிக்குரிய பகுதி மட்டுமே தனித்தாள்களாக இருக்கும். இத்தாள்களைத் தயாரித்துக் காப்பவர் இசைக்குழுவின் நூலகர். முதல் வயலின் கலைஞர், வில்லை எந்தச் சுரத்தில் மேலிழுக்க வேண்டும், எங்கே கீழிழுக்க வேண்டும் என்று முடிவு செய்தபின், அந்தக் குறிகளை மற்ற வயலின் தாள்களிலும் பிசகின்றி எழுதிவைப்பது நூலகரின் கடமையாகும். ஒரு தாளில் ஒரு வரி விடுபட்டாலும் மொத்தக் குழுவும் வாசிப்பை நிறுத்திக் காத்திருக்க நேரும் என்பதாலும், ஒத்திகை நேரத்துக்கும் ஊதியம் உண்டு என்பதாலும், நிர்வாகத்தின் மிக நுட்பமான பகுதி இதுவே எனலாம்.

இந்தியாவில் இத்துறையை முழு அளவில் காணக்கூடிய இடம் மும்பை. அங்குள்ள தேசிய நிகழ்த்துகலை மையம் 2006ஆம் ஆண்டு நிறுவிய இந்திய சிம்பொனி இசைக்குழுவில், கஜகஸ்தானிய வயலின் கலைஞர் மராட் பிசென்காலியேவ் இசை இயக்குநராகத் திகழ்கிறார். கலைஞர்களில் பலர் வெளிநாட்டவராக இருப்பதால், ஒவ்வோர் இசைப் பருவத்துக்கும் முன்பாக விசா, விமானப் பயணம், தங்குமிடம், கருவிகளுக்கான சுங்க ஆவணங்கள் என்று நிர்வாகத்தின் பணி நீளுகிறது.

சென்னைத் திரையிசை உலகில் இதே பொறுப்பை மியூசிக் இன்சார்ஜ் அல்லது கோஆர்டினேட்டர் என்று அழைக்கப்படுபவர் ஏற்கிறார். கால்ஷீட் எனப்படும் நேர ஒதுக்கீட்டின்படி கலைஞர்களை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வரவழைத்து, ஊதியத்தைத் தீர்த்துவைப்பவர் அவரே. திரையிசைக் கலைஞர்கள் தொழிற்சங்கமாக ஒன்றுதிரளக் காரணமானவர்களுள் முதன்மையானவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்; கலைஞருக்குரிய ஊதியம் நியாயமாகச் சென்றுசேர்வதும் நிர்வாகத்தின் அறமே என்பதை அவர் தம் வாழ்நாள் பணியால் நிலைநாட்டினார்.

சென்னையை அடுத்த திருவள்ளூர் மாவட்டத்தில் இத்தொழிலின் வாசல் திருவிழா மேடையாகும். பெரியபாளையம் பவானி அம்மனும் திருத்தணி முருகனும் ஆடி மாதத்தில் பெருந்திரளான பக்தர்களை ஈர்க்கும் இம்மாவட்டத்தில், கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும் மெல்லிசைக் குழுக்களுக்கு வேலை உண்டு. முன்பணம் பெறுவது, வேன், மைக் செட், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வது, பாடல் வரிசையை அமைப்பது என அனைத்தையும் பெரும்பாலும் ஒருவரே கவனிக்கிறார். அவர் சட்டமும் அறிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உண்மையான சமயச் சடங்குகளுக்கும் திருமண நிகழ்வுகளுக்கும் பாடல் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் கட்டணம் பெற்று நடத்தும் நிகழ்ச்சியில் பிறர் இயற்றிய பாடல்களைப் பாடுவதற்கு உரிமையாளரிடமோ, அவர் சார்பில் செயல்படும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்பிடமோ உரிமம் பெற வேண்டும். இதை அறியாமல் நிகழ்ச்சிக்குப் பொறுப்பேற்பவர் தம் குழுவையே இடரில் தள்ளுகிறார்.

இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் அட்டவணை வகுத்தும், ஸ்டோர்ஸ் கணக்குப் பார்த்தும், சரக்கு அனுப்பியும் பழகிய இளைஞர்களிடம் இத்தொழிலுக்கு வேண்டிய ஒழுங்கில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. சுரக்குறிப்பைப் படிக்கக் கற்பதும், ஒப்பந்தம் எழுதத் தெரிந்துகொள்வதும் மறுபாதியாகும். ஏ.ஆர். ரகுமான் 2008ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி புறநகர் ரயிலில் சென்றுவரும் தொலைவிலேயே இருக்கிறது. அவருடைய திரைப்பட நகரமோ கும்மிடிப்பூண்டிக்கு அருகிலேயே அமைந்துள்ளது. வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேலையிசைக் கருவிகளைக் கற்பிக்கும் சன்ஷைன் இசைக்குழுவும் அவருடைய முயற்சியே.

அத்தகைய குழுவொன்று இந்தத் தொழிற்பேட்டையின் பிள்ளைகளுக்கும் அமைய வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், அது வரையறுக்கும் அளவை எட்டிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கல்வியும் கலை பண்பாட்டுப் பாதுகாப்பும் அச்சட்டம் தரும் பணிகளின் பட்டியலில் உள்ளன. சிப்காட்டில் அந்த அளவை எட்டிய நிறுவனங்கள் இதற்கு முன்வர வேண்டும்; தெளிவான திட்டத்துடனும் நேர்மையான கணக்குடனும் அவற்றை அணுகத் துணியும் முதல் இளைஞரே இப்பகுதியின் முதல் இசைக்குழு நிர்வாகியாவார்.