மாளிகைக்குள் ஓவியக்கூடம்



"ஓவியம் பார்க்க நமக்கென்ன தெரியும்?" தோட்டத்தை விட்டுக் கம்போங் மேடானில் குடியேறிய பெற்றோர் சிலர் இப்படித் தயங்குவதுண்டு. அவர்களுக்காக ஒரு கட்டடத்தின் கதை.

கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே 1932-இல் மெஜஸ்டிக் ஹோட்டல் திறக்கப்பட்டது. வசதி படைத்தவர்கள் தங்கிய மாளிகை அது. 1958-இல் நான்கே படைப்புகளோடு தொடங்கிய தேசிய ஓவியக்கூடம், 1984-இல் அங்கே குடிபுகுந்தது. விருந்தினர் உலவிய இடத்தில் நாட்டின் ஓவியங்கள் இடம்பெற்றன. பொதுமக்களும் உள்ளே நடந்தார்கள்.

1998-இல் ஓவியக்கூடம் ஜாலான் துன் ரசாக் அருகே சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. மாளிகை 2012-இல் மறுபடியும் ஹோட்டலாயிற்று. ஓவியங்களோ இன்றும் பொதுச்சொத்துதான். அவற்றில் உங்களுக்கும் பங்குண்டு.

பிள்ளைகளோடு சென்று வாருங்கள். எல்லாவற்றையும் ஓடியோடிப் பார்க்க வேண்டாம். பிடித்த படத்தின் முன் சற்று நில்லுங்கள். வெளிச்சம் எப்பக்கமிருந்து வருகிறது, படத்திலிருப்பவர் என்ன செய்கிறார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தொட மட்டும் வேண்டாம். கைவியர்வை வண்ணத்தைக் கெடுத்துவிடும்.

விடியற்காலையில் பால்மர நிரைகளுக்கிடையே வெளிச்சம் இறங்குவதைப் பார்த்த கண்கள் உங்களுடையவை. ஓவியம் பார்க்க அந்தக் கண்களே போதும்.