லோனாவாலா மழையில் சென்னையின் பங்கு

மும்பை மான்குர்த்திலிருந்து வாஷி பாலம் தாண்டி, பன்வெல், கோபோலி வழியாகக் காட் ஏறி ஊருக்குப் போகிறவர்கள் லோனாவாலா அருகே ஓர் எல்லையைக் கடக்கிறார்கள். அங்கே சோதனைச் சாவடியும் இல்லை, பலகையும் இல்லை. அந்த முகட்டுக்கு மேற்கே விழும் மழை அரபிக்கடலுக்குப் போகும். கிழக்கே விழுவது இந்திராயணியில் இறங்கி, பீமாவில் கலந்து, கர்நாடகத்தைக் கடந்து, ராய்ச்சூர் பக்கம் கிருஷ்ணாவோடு சேர்ந்து வங்கக்கடல் வரை நடக்கும்.

இந்த ஏற்பாட்டில் மும்பை நூறாண்டுக்கு முன்பே கை வைத்துவிட்டது. லோனாவாலா ஏரிகளில் தேங்கும் கிழக்கு மழையை டாடா நிறுவனம் குழாய்களில் மேற்கே திருப்பி, சுமார் 500 மீட்டர் கீழே கோபோலியில் விழவைத்து, 1915-இல் மும்பை ஆலைகளுக்கு மின்சாரம் கொடுத்தது. சுழலியைச் சுற்றிவிட்ட தண்ணீர் பாதாளகங்கை வழியாக அரபிக்கடல் பக்கம் போய்விடும். கீழே காத்திருக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் அது திரும்பாது. சண்டை வராமல் இருக்குமா?

1969-இல் நீதிபதி பச்சாவத் தலைமையில் நடுவர் மன்றம் அமைந்தது. மேற்கே திருப்புவதற்கு உச்சவரம்பு விதித்தது. நம்பத்தக்க நீர் 2,060 டி.எம்.சி. என்று கணக்கிட்டு மகாராஷ்டிரத்துக்கு 560, கர்நாடகத்துக்கு 700, ஆந்திரத்துக்கு 800 என்று பிரித்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர்.

வியப்பு இதற்குப் பிறகுதான். கிருஷ்ணா வடிநிலத்தில் ஒரு சொட்டுகூடப் பாத்தியதை இல்லாத சென்னைக்குக் குடிநீராக, மூன்று மாநிலங்களும் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுத்தர 1976 ஏப்ரலில் ஒப்புக்கொண்டன. மகாராஷ்டிரம் எப்படிக் கொடுக்கும்? கால்வாய் வெட்ட வேண்டியதில்லை. தன் பங்கில் அவ்வளவைத் தடுக்காமல் கீழே போகவிட்டால் போதும். வங்கியில் போட்ட நோட்டே திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, தொகை சரியாக இருந்தால் சரி. தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான்.

1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது தமிழகமும் ஆந்திரமும் தனி ஒப்பந்தம் போட்டன. வழியில் ஆவியாவதற்கும் கசிவுக்கும் மூன்றைக் கழித்து, எல்லையில் 12 டி.எம்.சி.: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தில் போத்திரெட்டிப்பாடு மதகைத் திறந்தால் தண்ணீர் வேலுகோடு, பெண்ணாற்றின் சோமசிலா, கண்டலேறு என்று அணை அணையாகத் தங்கி, சுமார் 400 கி.மீ. கடந்து ஊத்துக்கோட்டைக்கு அருகே ஜீரோ பாயின்ட்டில் தமிழகத்துக்குள் நுழைகிறது. அங்கே அளந்து பார்த்துப் பூண்டி ஏரிக்கு விடுகிறார்கள். முதல் தண்ணீர் வந்தது 1996-இல்.

பெரும்பாலான ஆண்டுகளில் 12 முழுதாக வந்ததில்லை. ஸ்ரீசைலத்தின் மட்டம் வெகுவாக இறங்கினால் மதகுக்கே தண்ணீர் எட்டாது. எட்டினாலும் கடப்பா, நெல்லூர் வயல்களும் அதே கால்வாயைத்தான் நம்பியிருக்கின்றன. வறட்சியில் அங்குள்ள விவசாயி தன் பயிரைப் பார்ப்பதைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது: ஆறு முழுவதையும் பொதுவில் ஆள ஓர் அமைப்பு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்று நாடுகள் மனந்தாலி அணையைக் கூட்டுச் சொத்தாகவே வைத்திருக்கின்றன. பச்சாவத் மன்றமும் அந்தத் திசையில் யோசித்தது. மிகுந்தால் மிகுதியையும் குறைந்தால் குறையையும் பகிர்ந்துகொள்ள, பள்ளத்தாக்கு முழுமைக்கும் ஓர் ஆணையம் என்று ‘பி’ திட்டம் வகுத்தது. மாநிலங்கள் இசையவில்லை, திட்டம் கிடப்பில் போனது. 2014-ஆம் ஆண்டின் ஆந்திர மறுசீரமைப்புச் சட்டப்படி வந்த கிருஷ்ணா நதி மேலாண்மை வாரியம் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் மட்டுமே. ஆறு பிறக்கும் மகாராஷ்டிரத்துக்கு அதில் இடமில்லை, கர்நாடகத்துக்கும் இல்லை.