‘ஓ பேர்’ முறையும் குடும்பத்தின் பொறுப்பும்

ஐரோப்பிய மொழி ஒன்றை அந்நாட்டார் வீட்டிலேயே தங்கிக் கற்க வேண்டும் என்ற ஆவல் மொழி பயிலும் மாணவர் பலருக்கும் உண்டு. அதற்கு உள்ள வழிகளுள் ஒன்று ‘ஓ பேர்’ முறை. தலைநகரில் ஜெர்மன் பயிலும் நம் தமிழ் மாணவியர் இதைப்பற்றி என்னிடம் அடிக்கடி வினவுவதுண்டு. “நல்ல குடும்பம் எப்படிக் கிடைக்கும், அக்கா?” என்பதே அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியை மறுபுறமிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நல்ல குடும்பம் தனக்கு ஏற்ற ஒருவரை எப்படித் தேடுகிறது? எப்படி அமர்த்திக்கொள்கிறது? இதை அறிந்தவர்க்கு, தம்மை அழைக்கும் குடும்பம் நல்லதா அன்றா என்று எடைபோடுவது எளிதாகும்.

தென் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த ஒரு சிற்றூரில், இரு குழந்தைகள் உள்ள வீட்டில் நான் ஓராண்டு இருந்தேன். என் காலம் முடியும் தறுவாயில், எனக்குப் பின் வரவேண்டியவரைத் தேடும் வேலையில் அவ்வீட்டார் என்னையும் சேர்த்துக்கொண்டனர். ஆகவே தேடப்பட்டவள், தேடியவள் என்ற இரண்டு நிலையிலிருந்தும் எழுதுகிறேன்.

சொல்லின் பொருள்

‘ஓ பேர்’ என்பது பிரெஞ்சுச் சொற்றொடர். ‘சமமாக’, ‘சரிநிகராக’ என்பது அதன் பொருள். ஓர் இளைஞர் அயல்நாட்டுக் குடும்பத்தோடு தங்கிக் குழந்தைகளைக் கவனித்துக்கொள்வார். சிறு வீட்டுவேலைகளில் கைகொடுப்பார். குடும்பம் அவருக்கு உணவும் உறைவிடமும் கைச்செலவுக்குப் பணமும் தந்து, மொழி பயிலவும் துணை நிற்கும். கொடுப்பதும் கொள்வதும் சமம் என்பதே கருத்து.

இந்த வழக்கத்துக்கு ஓர் ஒழுங்கு தர ஐரோப்பிய மன்றம் 1969-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓர் உடன்படிக்கையை வகுத்தது. இவ்வாறு வருபவர் மாணவரும் அல்லர், தொழிலாளியும் அல்லர். இரண்டின் இயல்பும் கலந்த தனி வகையினர் என்று அது கூறிற்று. நாளொன்றுக்கு வேலை ஐந்து மணி நேரத்துக்கு மேற்படலாகாது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. அவ்வுடன்படிக்கையை முறைப்படி ஏற்றவை சில நாடுகளே. ஆயினும் பிற நாடுகளின் விதிகளிலும் அதன் சாயலைக் காணலாம்.

மாணவரும் அல்லர், தொழிலாளியும் அல்லர் என்ற இந்த இடைநிலையில்தான் இம்முறையின் அழகும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. தொழிலாளிக்கு உரிய சம்பளம் இல்லை. மாணவருக்கு உரிய சுதந்திரமும் முழுமையாக இல்லை. இரண்டுக்கும் ஈடாக நிற்க வேண்டியது குடும்பத்தின் நேர்மை ஒன்றே.

முதலில் தேவையை அளந்து பார்த்தல்

ஜெர்மன் விதிகளை எடுத்துக்கொள்வோம். ஓ பேராக வருபவர் 18 வயது நிரம்பியவராக இருக்கவேண்டும்; நம்மைப் போல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவராயின், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது நிரம்பியிருக்கக் கூடாது. ஜெர்மன் மொழியில் ‘ஏ1’ என்னும் தொடக்கநிலைத் தேர்ச்சி வேண்டும். தங்கும் காலம் ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஓராண்டுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். வேலை நேரம் நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணி. அதற்கு மேல் இல்லை. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வும், ஓராண்டுக்கு நான்கு வார விடுப்பும் உண்டு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. மொழி வகுப்புக்கென மாதம் 70 யூரோ. நோய், விபத்து, மகப்பேறு ஆகியவற்றுக்கான காப்பீட்டுக் கட்டணமும் குடும்பத்தின் பொறுப்பு. தனி அறை கட்டாயம்.

280 யூரோ நம் பணத்தில் பெரிதாகத் தோன்றலாம். அந்நாட்டில் அது கைச்செலவே அன்றிச் சம்பளம் அன்று. அங்கே சம்பளத்துக்கு ஒருவரை அமர்த்தினால் ஆகும் செலவு இதைப்போல் பன்மடங்கு. இதனால்தான் சில குடும்பங்களுக்கு ஆசை தடுமாறுகிறது. குறைந்த செலவில் முழுநேரச் செவிலியும் வேண்டும், சமையற்காரியும் வேண்டும், வாய் நிறைய ‘எங்கள் வீட்டுப் பெண்’ என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டும் என்றால், அது கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்ற கதைதான்.

ஆகவே ஆளைத் தேடுமுன் குடும்பம் தன் தேவையை அளந்து பார்க்கவேண்டும். பெற்றோர் இருவரும் காலை முதல் மாலை வரை வெளியே இருக்க, கைக்குழந்தையை நாள் முழுதும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாயின் அதற்கு ஓ பேர் பொருந்தாது. பயிற்சி பெற்ற செவிலியோ குழந்தைகள் காப்பகமோதான் வேண்டும். முதியோரையோ நோயுற்றோரையோ பேணுவதும் ஓ பேரின் பணி அன்று. நான் இருந்த வீட்டில் பெண் குழந்தைக்கு வயது ஏழு, பையனுக்கு நான்கு. இருவரும் காலையில் பள்ளிக்குச் சென்றுவிடுவர். தாயார் மருத்துவமனையில் முறை மாறிப் பணி செய்பவர். காலையில் இரண்டு மணி நேரமும் பிற்பகலில் மூன்று மணி நேரமும் ஒருவர் துணை வேண்டியிருந்தது. இப்படித் தேவை தெளிவாக இருந்தால் தேடலும் தெளிவாக அமையும்.

தேடும் வழிகள்

வழிகள் இரண்டு. ஒன்று, இதற்கென உள்ள முகவர் நிலையங்கள். அவை கட்டணம் பெற்றுக்கொண்டு, விண்ணப்பங்களைச் சரிபார்த்து, இடையில் தகராறு நேர்ந்தால் பேசித் தீர்க்கவும் முன்வரும். மற்றொன்று, இணையத்தின் வாயிலாகக் குடும்பமும் இளைஞரும் நேரே தொடர்பு கொள்வது. இதில் செலவு குறைவு. ஆனால் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது. இல்லாத குடும்பத்தின் பெயரால் அன்பொழுகக் கடிதம் எழுதி, ‘வழக்கறிஞர் கட்டணம்’, ‘விசாக் கட்டணம்’ என்று முன்பணம் பறிக்கும் மோசடியும் நடக்கிறது. முகம் காட்டிப் பேசாமலே பணம் கேட்கும் குடும்பத்தைக் குடும்பம் என்றே எண்ணவேண்டாம்.

எவ்வழியாயினும் குடும்பம் முதலில் தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதவேண்டும். அக்கடிதத்தில் குறைகளை மறைக்காமல் எழுதுவதே இருசாராருக்கும் நன்மை. எங்கள் வீட்டார் எழுதிய கடிதத்தில் இப்படிச் சில வரிகள் இருந்தன: ஊர் சிறியது, பேருந்து மணிக்கு ஒருமுறைதான், பையன் எளிதில் அழுவான், வீட்டில் ஒரு பெரிய நாய் உண்டு, தாயார் இரவுப்பணி முடித்து வந்த நாள்களில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். இதைப் படித்தபின் விண்ணப்பித்தவர் பலர் விலகிக்கொண்டனர். “விலகியவர்கள் நமக்கு உதவி செய்தவர்கள்” என்றார் வீட்டுத் தலைவர். நாயைக் கண்டு அஞ்சுபவர் அங்கு வந்து துன்புறுவதைவிட வராமல் இருப்பதே மேலன்றோ?

பேசிப் பார்த்தல்

கடைசியில் மூவர் எஞ்சினர். ஜார்ஜியா நாட்டிலிருந்து ஒரு பெண், மடகாஸ்கரிலிருந்து ஒரு பெண், கொலம்பியாவிலிருந்து ஓர் இளைஞர். மூவரோடும் காணொளியில் இருமுறை பேசினோம். முதல்முறை பெற்றோர் பேசினர். மறுமுறை குழந்தைகளும் உடனிருந்தனர். பெற்றோர் இல்லாத வேளையில் நான் மூவரோடும் தனியே பேசவேண்டும் என்பதும் ஏற்பாடு. முன்பு இருந்தவரிடம் புதியவர் அஞ்சாமல் எதையும் கேட்கலாம் அல்லவா? இத்தகைய தனிப்பேச்சுக்கு இடம் தரும் குடும்பத்தை நம்பலாம். ‘முன்னவரோடு பேச வேண்டாம்’ என்று தடுக்கும் குடும்பத்தைச் சற்று ஐயத்தோடு பார்ப்பது நலம்.

கேள்விகளைப் பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. “குழந்தைகள் என்றால் விருப்பமா?” என்று கேட்டால் “ஆம்” என்றுதான் எவரும் சொல்வர். “பையன் செருப்பைப் போட்டுக்கொள்ள மறுக்கிறான், பள்ளிக்கு நேரமாகிறது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் ஆளின் இயல்பு வெளிப்படும். குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டால் முதலில் யாரை அழைப்பீர்கள், எந்த உணவை உங்களால் உண்ண முடியாது, வீட்டு நினைவு வந்து வாட்டினால் என்ன செய்வது வழக்கம் என்பன போன்ற கேள்விகளும் வேண்டும். முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடத்திலிருந்து ஒருவருடைய நற்சான்றைப் பெற்று, அவரோடு நேரே பேசுவதும் வழக்கம்.

மூவரில் ஜார்ஜியப் பெண்ணின் ஜெர்மன் மிக நன்றாக இருந்தது. ஆனால் அவருக்குப் பெருநகர வாழ்வில்தான் நாட்டம். மடகாஸ்கர்ப் பெண்ணுக்கு அதற்குள் வேறு குடும்பம் அமைந்துவிட்டது. கொலம்பிய இளைஞருக்கு மொழி தடுமாறிற்று, ஆனால் அவர் ஒருவர்தான், “உங்கள் மகன் அழும்போது அவனுக்கு எது ஆறுதல் தரும்?” என்று திருப்பிக் கேட்டார். தமக்கையின் குழந்தைகளை வளர்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவரையே தேர்ந்தெடுத்தனர். ஆண்பிள்ளைக்குக் குழந்தை வளர்க்கத் தெரியுமா என்று பக்கத்து வீட்டார் கேட்டனர். விதியில் அப்படி ஒரு வேறுபாடு இல்லை.

ஒப்பந்தமும் விசாவும்

தேர்வு முடிந்ததும் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். வேலை நேரம், ஓய்வு நாள், கைச்செலவு, அறை, காப்பீடு, மொழி வகுப்பு, எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்பன அதில் இடம்பெறும். இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒப்பந்தத்தையும் மொழித் தேர்ச்சிச் சான்றையும் கொண்டுதான் இங்குள்ள ஜெர்மன் தூதரக அலுவலகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால் குடும்பம் முன்கூட்டியே தொடங்கவேண்டும். பயணச் செலவு பொதுவாக வருபவரைச் சார்ந்தது. ஒரு பகுதியைத் தாமே ஏற்கும் குடும்பங்களும் உண்டு.

இங்கே தமிழ் அன்பர்கள் சிலருக்கு ஒரு செய்தி. ஜெர்மனியில் குடியேறிய நம்மவர், “ஊரிலிருந்து ஒரு பெண்ணை இம்முறையில் வரவழைத்துக்கொள்ளலாமா? குழந்தைக்குத் தமிழும் வருமே” என்று கேட்கின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆனால் விதி இடம் தராது. அவ்வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாக இருக்கவேண்டும். தாய்மொழி அன்றி வீட்டில் பேசும் மொழியாக மட்டும் இருந்தால், வருபவர் அக்குடும்பத்தின் பூர்விக நாட்டைச் சேர்ந்தவராக இருத்தல் கூடாது. மொழி கற்கவே இம்முறை என்பது அதன் காரணம்.

வந்தபின்

என்னோடு மொழி வகுப்பில் பயின்ற ஒரு தோழியின் நிலையைச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவருக்கு ஐந்து மணி நேர வேலை. பிறகு, “இன்று மட்டும் சற்று நேரம்” என்று அது நீண்டது. பின்னர் வீட்டிலிருந்த பாட்டியாரைக் குளிப்பாட்டுவதும் அவர் தலையில் விழுந்தது. “நீ எங்கள் பெண் அல்லவா?” என்ற ஒரு சொல்லுக்கு முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. உறங்கும் இடமும் வேலை செய்யும் இடமும் ஒன்றே. நாட்டில் தங்கும் அனுமதியும் அந்த வேலையைப் பொறுத்தது. இந்நிலையில் ‘மாட்டேன்’ என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! இறுதியில் அவர் தம் ஒப்பந்தப் படியை முகவர் நிலையத்தில் காட்டி, வேறு குடும்பத்துக்கு மாறினார். அவ்வாறு மாற விதியில் இடமுண்டு. மொத்தக் காலம் மட்டும் ஓராண்டைத் தாண்டலாகாது. அன்று அவரைக் காத்தது அந்த ஒற்றைக் காகிதமே.

இத்தகைய துன்பங்கள் பெருகியதனாலேயே சில நாடுகள் தம் சட்டங்களை மாற்றின. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து ஓ பேராக வருவதை நார்வே 2024 மார்ச்சு மாதத்தில் நிறுத்திவிட்டது. குடும்பத்தில் ஒருவராகத் தங்கி வீட்டுவேலை செய்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டியதில்லை என்று பிரிட்டனில் இருந்த விலக்கும் 2024 ஏப்ரல் முதல் நாளோடு நீங்கியது. ‘குடும்பத்தில் ஒருவர்’ என்ற சொல்லே குறைந்த கூலிக்கு ஒரு மறைப்பாகிவிட்டது என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு.

நம் வீடுகளில்

இதைப் படித்து, ‘அயல்நாட்டு வழக்கம், நமக்கென்ன?’ என்று எண்ணவேண்டாம். நம் ஊர்களிலும், நாம் வாழும் இத்தலைநகரிலும், கிராமத்திலிருந்து வந்து பிறர் குழந்தைகளை வளர்க்கும் பெண்கள் எத்தனை பேர்! “பெற்ற பெண்ணைப் போல வைத்திருக்கிறோம்” என்று நாமும் சொல்கிறோம். அவர்களுக்கு வேலை நேரம் இன்னது என்று எழுதியிருக்கிறோமா? தனி அறை வேண்டாம், கதவடைத்துப் படுக்க ஓர் இடமாவது உண்டா? வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? 14 வயது நிரம்பாத பிள்ளைகளை வீட்டுவேலைக்கு வைப்பதை 2006-ஆம் ஆண்டிலேயே நம் அரசு தடை செய்தது. வீட்டுத் தொழிலாளர்க்கென அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வகுத்த உடன்படிக்கையை நம் நாடு இன்னும் ஏற்கவில்லை.

அன்பு வேண்டும், அதை மறுப்பார் இல்லை. ஆனால் அன்பு எழுத்துக்கு மாற்று ஆகாது. நேரத்தையும் ஓய்வையும் ஊதியத்தையும் எழுதி வைத்துவிட்டு, அதன்மேல் அன்பு செலுத்தும் வீட்டில்தான் ‘சரிநிகர்’ என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. ஓ பேராகச் செல்ல விரும்பும் தங்கை தம்பியர், தம்மை அழைக்கும் குடும்பத்திடம் ஒப்பந்தத்தை முதலில் கேளுங்கள். முகம் சுளிக்காமல் அதை எடுத்துக் காட்டும் வீட்டுக்கு அஞ்சாமல் செல்லலாம்.