சுருக்குப் பைக்குள் சீனத் தேயிலை!

மரக்காணம் உப்பளங்களில் வெயில்தான் முதலாளி. வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாத்திகளில் வெள்ளம். வேலை நிற்கும், கூலியும் நிற்கும். தீபாவளி வருவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்! உறவினருக்குக் குறைந்த செலவில் என்ன கொடுப்பது?

கையால் தைத்த சுருக்குப் பையில் கொஞ்சம் தேயிலை கொடுக்கலாம்.

ஒரே செடி, பல ருசி

தேயிலை, சீனா உலகுக்குத் தந்த செல்வம். "தே" என்ற சொல்லே சீனாவின் பூஜியன் கடற்கரைப் பேச்சில் பிறந்ததுதான். பச்சை, ஊலாங், கறுப்பு எல்லாம் ஒரே செடியின் இலைகளே! பறித்தவுடன் சூடு காட்டினால் பச்சைத் தேயிலை. வாட்டிக் கசக்கி, காற்றில் நன்றாக நிறம் மாற விட்டால் கறுப்பு. பாதியில் நிறுத்தினால் ஊலாங். நமது நீலகிரியிலும் பச்சைத் தேயிலை தயாராகிறது.

தைப்பது எப்படி?

ஒரு சாண் அகலம், இரண்டு சாண் நீளம் மிச்சத் துணி போதும். இரண்டாக மடித்து ஓரங்களைத் தையுங்கள். வாயை மடித்துத் தைத்து நாடா கோர்த்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை! தேயிலை ஈரத்தையும் கருவாட்டு வாசனையையும் இழுத்துக்கொள்ளும். கடலோரத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே இறுக மூடிய சிறு டப்பாவில் போட்டுப் பைக்குள் வையுங்கள்.

தேயிலை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பை தீராது, சில்லறை சேர்க்க உதவும். அடுத்த மழைக்கு அதுவும் வேண்டுமே!