ஜப்பானியப் பேச்சுவழக்கில் செவிவழிச் செய்தியும் ஐயமும்: ஓர் இலக்கண நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பிறர் சொல்லக் கேட்டதை எடுத்துரைப்பது ஒன்று. கேட்டது சரிதானா என்று ஐயுறுவது மற்றொன்று. ஜப்பானியப் பேச்சுவழக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டவல்ல உருபுகளைக் கொண்டுள்ளது. ‘த்தெ’, ‘ரஷீ’, ‘தொகா’ ஆகிய மூன்றையும் தமிழின் ‘ஆம்’ ஈற்றால் மட்டுமே பெயர்ப்பது போதாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செவிவழிச் செய்தி, ஐயம், மேற்கோள் இடைச்சொல், ஓகாரம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

ஜப்பானிய மொழியில் செவிவழிச் செய்தியைக் குறிக்கப் பாடநூல்கள் முதலில் கற்பிப்பது ‘சோ-தா’ என்னும் வடிவமாகும். இது முற்றுவினையை அடுத்து வரும்போது கேட்ட செய்தியையும் (ஃபுரு சோ-தா: ‘மழை பெய்யுமாம்’), வினையடியை அடுத்து வரும்போது கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்தையும் (ஃபுரி சோ-தா: ‘பெய்யும்போல் தெரிகிறது’) உணர்த்தும். நெருங்கியோர் உரையாடலில் இதனினும் இயல்பாக வழங்குபவை மேற்சுட்டிய மூன்று வடிவங்களே. ‘யமெரு’ (பணியிலிருந்து விலகுகிறார்) என்னும் ஒரே வினையைக்கொண்டு அவற்றின் வேறுபாட்டைக் காணலாம்.

த்தெ: சொன்னவர் பிறர்

எழுத்துவழக்கில் மேற்கோளைக் குறிக்கும் ‘தொ’ தமிழின் ‘என்று’ என்பதை ஒத்தது. அதன் பேச்சுவடிவம் ‘த்தெ’. விளக்கப்பொருள் தரும் ‘ந்தா’வுடன் இது சேர, ‘யமெருந்தத்தெ’ (விலகுகிறாராம்) என்றாகும். செய்தி பிறரிடமிருந்து வந்தது என்பதே இதன் பொருள். சொல்பவர் அதனை முழுமையாக நம்பலாம். விலகுபவரிடமிருந்தே நேரில் கேட்டும் இருக்கலாம். இதனையே எடுத்தலோசையில் முன்னிலையாரிடம் கூறினால் ‘விலகுகிறீர்களாமே?’ என உறுதிப்பாடு வேண்டும் வினாவாகும். இவ்விடங்களில் ‘ஆம்’, ‘ஆமே’ ஆகியன முற்றும் பொருந்துகின்றன.

ரஷீ: கேட்டதும் உய்த்துணர்ந்ததும்

‘யமெரு ரஷீ’ என்பவர் செய்தியைப் பிறர்வழிக் கேட்டிருக்கலாம். அல்லது அலுவலரின் மேசை ஒழிக்கப்பட்டிருப்பதைக் கண்டு உய்த்துணர்ந்திருக்கலாம். இரண்டிலும் அவர் முழு உறுதி கூறுவதில்லை. தமிழில் முன்னதற்கு ‘விலகுகிறாராம்’ என்றும், பின்னதற்கு ‘விலகுகிறார் போலிருக்கிறது’ என்றும் பிரித்தே கூறவேண்டும். ஆகவே ‘ரஷீ’யை எங்கும் ‘ஆம்’ எனப் பெயர்த்தால், கண்டு ஊகித்த ஒன்று யாரோ சொன்ன செய்தியாக மாறிவிடும்.

தொகா: செய்தியிலேயே ஐயம்

‘தொகா’ (ககரம் வல்லோசை உடையது) என்பது மேற்கோள் ‘தொ’வும் வினா இடைச்சொல் ‘கா’வும் இணைந்தது. ‘யமெரு தொகா இத்தெதா’ என்பவர், தாம் கேட்டதன் உள்ளடக்கத்துக்கே பொறுப்பேற்கத் தயங்குகிறார். விலகல்தான் பேச்சா, அதையொத்த வேறொன்றா என்பது அவருக்கே தெளிவில்லை. எடுத்துக்காட்டுகளை அடுக்குமிடத்தும் (காப்பி, தேநீர் போல்வன) இவ்வுருபு வருவது, ‘இவை போன்ற ஏதோ ஒன்று’ என்னும் பொருள் இதனுள் உறைவதைக் காட்டுகிறது.

‘யமெரு தொகா நன்தொகா இத்தெதா’ என்னும் விரிந்த வடிவம் தமிழாய்வாளர் கருத்தை ஈர்க்கத்தக்கது. ‘நன்’ என்பது ‘என்ன’ என்னும் வினாச்சொல். எனவே இத்தொடர் ‘விலகுகிறார் என்றோ என்னவோ சொன்னார்’ என்னும் தமிழ் வழக்கோடு ஏறத்தாழ உறுப்புக்கு உறுப்பு ஒத்துநிற்கிறது. ‘கா’ நிற்குமிடத்தில் தமிழில் ஓகாரம் நிற்கிறது. ஓகாரத்தின் பொருள்களுள் வினாவையும் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. இரு மொழிகளிலும் வினா இடைச்சொல்லே மேற்கோளின்மேல் ஏறி ஐயத்தை உணர்த்துகிறது. சொன்னவரைப் பொருட்படுத்தாத அலட்சியத் தொனியும் இரண்டிலும் தோன்றக்கூடும்.

இவ்வொப்புமை மொழியினவுறவுக்குச் சான்றாக இங்குக் கொள்ளப்படவில்லை. சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கருதுகோள் தனியே ஆராய்தற்குரியது. வினை இறுதியில் நிற்பதும், மேற்கோள் இடைச்சொல் மேற்கோளுக்குப் பின் வருவதும் இரு மொழிகளுக்கும் பொதுவான அமைப்புகள். இவ்வொப்புமையை விளக்க அவையே போதும்.

முடிவுரை

‘த்தெ’ செய்தியின் மூலத்தையும், ‘ரஷீ’ சொல்பவரின் உறுதிக் குறைவையும், ‘தொகா’ செய்தியின் தெளிவின்மையையும் முதன்மையாகச் சுட்டுகின்றன. முறையே ‘ஆம்’, இடத்திற்கேற்ப ‘ஆம்’ அல்லது ‘போலிருக்கிறது’, ‘என்றோ என்னவோ’ எனப் பெயர்ப்பது தகும். இவ்வேறுபாட்டைக் கைவிடும் மொழிபெயர்ப்பில், ஒருவர் தயங்கிச் சொன்ன பேச்சு உறுதியான செய்தியாகிவிடும். ஒருவர் பணியைத் துறக்கிறார் என்பது போன்ற செய்திகளில் அப்பிழை சொல்லளவில் நில்லாது, சொன்னவர்மீதும் சொல்லப்பட்டவர்மீதும் படியும்.