மரமும் தீயும் வண்ணமும்

எல்லைப்புறத்தில் வாழ்வோர்க்கு ஒரு பேறு உண்டு. ஒரே பொருளை இரண்டு மூன்று மொழிகளில் அழைக்க அவர்கள் அறிவர். அந்தப் பேறே சில வேளைகளில் குழப்பத்தையும் தந்துவிடும். சென்னபட்டணத்து மரப்பொம்மைகள் எந்த மரத்தால் ஆனவை என்று அவ்வூராரைக் கேட்டால், 'ஆலெ மர' என்பார்கள். நாட்றாம்பாளையத்திலிருந்து செல்லும் நம்மவர் அதனை ஆலமரம் என்றே எண்ணிக் கொள்வர். ஆனால் ஆலமரத்துக்குக் கன்னடத்தில் 'ஆலத மர' என்று பெயர். பொம்மைக்குரிய மரம் வேறு. தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும். நம் பால் அங்கே ஹாலு. அவ்வாறே நம் பாலை அங்கே ஹாலெ. பேச்சு வழக்கில் அது 'ஆலெ' ஆகிவிட்டது. ஆகவே அந்த மரம், கிளையை ஒடித்தால் பால் வடியும் நம் வெட்பாலையே.

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் வழியில் உள்ள நாட்றாம்பாளையத்தைச் சுற்றியுள்ள வறண்ட இலையுதிர் காடுகளுக்கும் மேட்டு நிலங்களுக்கும் வெட்பாலை புதியதன்று. நாம் அதனை இருவகையில் அறிவோம். ஒன்று விறகு; மற்றொன்று மருந்து. அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால், சில நாட்களில் எண்ணெய் ஊதா நிறம் பெறும். தோல் நோய்க்கு அதனைப் பூசுவர். ஆனால் எண்ணெய்க்கு அந்த ஊதா எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதில்லை. அந்த இலையில் அவுரியின் நீலத்தைத் தரும் பொருள் உள்ளது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலார் வில்லியம் ராக்ஸ்பரோ, இவ்விலையிலிருந்து நீலச் சாயம் எடுப்பது பற்றி எழுதியிருக்கிறார். 'ரைட்டியா டிங்டோரியா' என்னும் இதன் தாவரவியல் பெயரில், டிங்டோரியா என்ற இலத்தீன் சொல் 'சாயத்துக்கு உரியது' என்றே பொருள்படும்.

சாயத்துக்கென்றே பெயர் பெற்ற மரம் நம் வேலியோரத்தில் நிற்கிறது. நாமோ அதனை அடுப்பில் வைக்கிறோம். அடுப்பில் வைக்கும் அதே தீயைக் கொண்டு அதில் கோலமிடவும், சமையற்கட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே அதற்கு வண்ணமூட்டவும் இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னபட்டணம் கற்பிக்கும் பாடம்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சென்னபட்டணம். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலைக் கற்பித்தார் என்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி. பிற்காலத்தில் ஜப்பானிய அரக்கு வேலை முறைகளைப் புகுத்தித் தொழிலை வளர்த்தவராக பவாஸ் மியான் என்பவர் போற்றப்படுகிறார். 2005–2006ஆம் ஆண்டில் இப்பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வெட்பாலை மரம் வெண்மையானது, நெருங்கிய இழையுடையது, மென்மையானது. தந்தம்போல் வழவழப்பாகக் கடையலாம். கடைசல் எந்திரத்தில் மரத்துண்டு சுழலும்போது, வண்ணம் பிசைந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தின்மேல் பரவும். பின்னர்த் தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, கண்ணாடிபோன்ற பளபளப்பு ஏறும். மஞ்சளுக்கு மஞ்சளும், நீலத்துக்கு அவுரியும் பழைய முறை. இன்று அங்கே ரப்பர் மரம் முதலிய வேறு மரங்களும், செயற்கை வண்ணங்களும் வழக்கில் உள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். நம் தமிழகத்தில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும் இவ்வாறு கடைந்து அரக்கு ஏற்றப்பட்டவையே.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்று. அங்கே வண்ணத்தை மரத்தோடு பிணைப்பது வெப்பம். கடைசல் எந்திரம் இல்லாத நம் வீடுகளில் அந்த உராய்வு வெப்பத்துக்கு வழியில்லை. ஆனால் வெப்பத்தை வேறொரு வகையில் துணைக்கு அழைக்கலாம். அதுவே தீக்கோல் வேலை.

தீக்கோல் வேலை

காய்ச்சிய இரும்பால் மரத்தில் கோடிடுவது நமக்கு முற்றிலும் அயலானதன்று. அரிவாளின் வாலைக் காய்ச்சிக் கைப்பிடிக்குள் இறக்கும் கொல்லரையும், மூங்கிலில் காய்ச்சிய கம்பியால் துளையிடும் குழல் செய்வோரையும் நாம் அறிவோம். பஸ்தர்ப் பகுதிப் பழங்குடியினர் காய்ந்த சுரைக்குடுக்கைகளின்மேல் சூடேற்றிய கத்தியால் அழகிய கோலங்களைத் தீட்டுகின்றனர். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில், கணப்பைக் கிளறும் இரும்புக் கோலைக் கொண்டே வீட்டுப் பலகைகளில் படம் எழுதும் வழக்கம் பரவியிருந்தது.

மரம் சூட்டினால் நிறம் மாறுவது ஏன்? மரம் என்பது செல்லுலோசு, ஹெமிசெல்லுலோசு, லிக்னின் ஆகிய மூன்றின் கூட்டு. இவற்றுள் ஹெமிசெல்லுலோசே முதலில் சிதையும். ஏறத்தாழ 200 பாகை செல்சியசைக் கடந்ததும் மரம் பழுப்பேறத் தொடங்கும். 300 பாகையை நெருங்கும்போது கரியாகும். இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில்தான் தேன் நிறம் முதல் காப்பிக்கொட்டை நிறம் வரை எல்லாச் சாயல்களும் கிடைக்கின்றன.

இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். கம்பி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணுகிறார்கள். இரும்பு மங்கிய செம்மை காட்டும்போதே அதன் வெப்பம் 500 பாகைக்கு மேல் இருக்கும். அதனை மரத்தில் வைத்தால் கோடு விழாது, குழிதான் விழும். என் முதற் பலகை அப்படித்தான் கரிக்கட்டையாயிற்று. கம்பியை வெளியில் எடுத்து, செம்மை மறைந்து கறுத்த பின்னரே மரத்தில் வைக்க வேண்டும். ஒரு சிராய்த் துண்டில் முதலில் கோடிட்டுப் பார்ப்பது நலம்.

கருவிக்குப் பெருஞ்செலவில்லை. சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை மரப்பிடியில் செருகி, கரியடுப்பில் காய்ச்சலாம். ஒன்று ஆறும்போது மற்றொன்று காய, இரண்டு மூன்று கம்பிகள் இருந்தால் போதும். வானொலி பழுது பார்ப்போர் பயன்படுத்தும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இன்னும் வசதியானது. அதன் சூடு ஒரே சீராக இருக்கும். ஆனால் முன்பே ஈயம் ஒட்டிய முனையைப் பயன்படுத்தலாகாது. புதிய முனை வாங்கிப் பொருத்த வேண்டும்.

கோட்டின் நிறம் கையின் வேகத்தில் இருக்கிறது. மெல்ல இழுத்தால் கருமை. விரைந்து இழுத்தால் இளம்பழுப்பு. கோலை மரத்தில் வைத்துவிட்டு இழுக்கத் தொடங்கினால், தொடங்கும் இடத்தில் கரும்புள்ளி விழும். ஆகவே கை அசையத் தொடங்கிய பின் கோல் மரத்தைத் தொட வேண்டும். கை நிற்குமுன் கோல் மேலெழ வேண்டும். வாசலில் மாக்கோலம் இடும் தாய்மார்க்கு இந்தக் கைப்பழக்கத்தைக் கற்பிக்கத் தேவையில்லை.

ஆகும் மரமும் ஆகா மரமும்

வெண்மையும் நெருங்கிய இழையும் உள்ள மரமே தீக்கோலுக்கு ஏற்றது. கடைகளில் கிடைக்கும் பைன் பலகையில் மென்மையான வளையமும் கடினமான வளையமும் மாறி மாறி வருவதால், கோடு ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் விழும். பொறுமை இருந்தால் அதிலும் பழகலாம்.

ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு எந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் கதிர் உருவம் பொறித்த முத்திரை இருக்கும். அதில் ஹெச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால், பூச்சிகளை ஒழிக்க மரம் வெப்பமூட்டப்பட்டது என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சு வாயு ஏற்றப்பட்டது என்று பொருள். பின்னதைத் தொடாது விடுவதே அறிவுடைமை. ஒட்டுப்பலகையைச் சுட்டால் அதன் பசையிலிருந்து தீய ஆவி எழும். பெயின்ட் அடித்த மரமும் ஆகாது. அரளிக் கட்டையை ஒருபோதும் சுடக்கூடாது. அதன் புகையும் நஞ்சே. எந்த மரமாயினும் சன்னல் ஓரத்தில், காற்றோட்டத்தில், அருகே ஒரு வாளி நீருடன் வேலை செய்க.

வெட்பாலைக்காகக் காட்டினுள் புகுவதும் கூடாது. இவ்வட்டாரக் காடுகள் பல, 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு ஆகிய வனவிலங்குச் சரணாலயங்களுள் அடங்குகின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, நமக்கு வேண்டுவது ஒரு முழம் நீளமுள்ள கிளையே. பட்டா நிலத்து வேலியில் கழித்த கிளை அதற்குப் போதும். வெட்பாலை வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும் மரம். கிளையை நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். வெயிலில் இட்டால் வெடிக்கும்.

சமையற்கட்டுச் சாயங்கள்

பெயின்ட் மரத்தை மூடும். சாயமோ மரத்துக்குள் ஊறும். சாயமிட்ட பின்னும் மரத்தின் இழை கண்ணுக்குத் தெரியும். அதுவே இதன் அழகு.

மஞ்சள்: மஞ்சள் தூளைக் கொதிக்க வைத்து வடிகட்டிய நீர். ஒளிமிக்க நிறம், ஆனால் வெயிலில் விரைவில் வெளிறும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது போல, சோப்பு நீர் பட்டால் மஞ்சளிட்ட பலகையும் சிவக்கும். ஆகவே அதனை ஈரத்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.

சிவப்பு: பதிமுகக் கட்டையைச் சீவிக் கொதிக்க வைத்து, சிறிது படிகாரம் சேர்த்த நீர். இதில் இரும்பு பட்டால் நிறம் கறுத்துவிடும், மண்பாண்டமே நல்லது.

கருப்பு: இதுவே எல்லாவற்றிலும் வியப்பானது. பழைய ஆணிகளைக் காடியிலோ வெல்லம் கலந்த புளித்த கஞ்சியிலோ இட்டு இரண்டு வாரம் வைக்க வேண்டும். வாயை இறுக மூடலாகாது; உள்ளே வாயு உண்டாகும். மரத்தில் முதலில் கடுக்காய்க் கஷாயத்தைப் பூசி உலர்த்துக. பிறகு அந்த இரும்பு நீரைப் பூசினால், நிறமற்ற பலகை கண்முன்னே கறுக்கும். கடுக்காயில் உள்ள துவர்ப்பொருளான டானினும் இரும்பும் கூடிப் பிறக்கும் கருமை அது. கலங்காரித் துணியின் கருங்கோடுகளும், முன்னோர் எழுதிய மையும் இவ்வகையினவே.

நீலம்: அவுரி நீரில் கரையாது. ஆதலின் நேரே பூச இயலாது. அரக்கில் பிசைந்தே பயன்படுத்த வேண்டும்.

செயற்கைச் சாயங்கள் 1856இல் வில்லியம் பெர்க்கின் கண்ட ஊதாவில் தொடங்கின. அவை ஒளிமிக்கவை, எளிதில் கிடைப்பவை. எனினும் குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்கு எச்சரிக்கை வேண்டும். 2007இல் காரீயம் கலந்த வண்ணப்பூச்சின் காரணமாக உலகெங்கும் இலட்சக்கணக்கான பொம்மைகள் திரும்பப் பெறப்பட்டன. நம் நாட்டிலும் 2021 முதல் பொம்மைகளுக்குத் தரச்சான்று கட்டாயமாகியுள்ளது. நடைவண்டிக்கு எனாமல் பெயின்ட் அடிக்குமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எது முன், எது பின்?

முதலில் சுட வேண்டும். பின்னரே சாயமிட வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சாயமிட்ட மரத்தைச் சுட்டால் சாயமும் சேர்ந்து புகையும். அப்புகையை நாம் உள்ளிழுப்போம். இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. நீர்ச்சாயம் மரத்தின் இழை வழியே ஓடிப் பரவும் இயல்புடையது. கிளியின் பச்சை இறகிலிருந்து சிவந்த அலகுக்குள் ஓடிவிடும். சுட்ட கோட்டில் இழைகள் கருகிப் பள்ளமாகிவிடுவதால், சாயம் அங்கே தயங்கி நிற்கும். வயலில் வரப்பு நீரைத் தேக்குவது போல, சுட்ட கோடு வண்ணத்தைத் தேக்குகிறது. சென்னபட்டணத்தில் அரக்கு செய்யும் வேலையை நம் வீட்டில் இந்தக் கோடு ஓரளவு செய்கிறது.

ஆகவே வேலையின் வரிசை இது. பலகையை உப்புத்தாளால் தேய்க்க. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலர விடுக; நீர் பட்டு எழுந்த இழைகளை மீண்டும் தேய்க்க. பென்சிலால் படம் வரைக. சுடுக. கரித்தூளைத் தட்டிவிடுக. மெல்லிய தூரிகையால் சாயத்தைக் குறைவாகத் தொட்டு, கோட்டை ஒட்டிப் பூசாமல் நடுவிலிருந்து கோட்டை நோக்கிப் பரப்புக. ஒருநாள் உலர்ந்த பின், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை ஏற்றுக. மஞ்சளின் நிறம் ஸ்பிரிட்டில் கரையும். எனவே முதற்பூச்சைத் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

முடிவுரை

ஒரு பெயர்ப்பலகை, அஞ்சறைப் பெட்டியின் மூடி, தம்பிக்கு ஒரு நடைவண்டி என்று தொடங்கலாம். விடுமுறையில் ஊர் திரும்பும் நம் தோழர் பலர், ஓசூர்ப் பேருந்தில் தொழிற்சாலை வேலையை எண்ணியே பயணம் செய்கின்றனர். அது தவறன்று. ஆனால் எல்லைக்கு அப்பால் ஓர் ஊரையே வாழவைத்த மரம், எல்லைக்கு இப்பால் பெயர்கூட அறியப்படாமல் அடுப்பில் எரிவது நம் அறியாமையைத்தான் காட்டுகிறது. பள்ளியில் பயின்ற வேதியியலும், வீட்டில் கண்ட கோலமும், கொல்லர் உலையின் அனுபவமும் ஒரு பலகையில் ஒன்றுகூடுமானால், அதுவும் கல்வியே.

வரும் மழைக்காலத்தில் வரப்போரம் ஒரு வெட்பாலைக் கன்றை நடுவோம். அடுத்த முறை கிளை கழிக்கும்போது, அடுப்புக்கு எடுத்துச் செல்லுமுன் ஒரு துண்டை நிழலில் போட்டு வைப்போம்.